உறைந்த ஆற்றில் வழித்துணை

தருமபுரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், ஒகேனக்கல்லில், காவிரியாறு பாறைகளிடையே பல கிளைகளாகப் பிரிந்து வீழ்கின்றது. வீழும் நீரினின்று எழும் திவலை, தொலைவிலிருந்து காண்பார்க்குப் புகையெனத் தோன்றும். கன்னட மொழியில் 'ஹொகே' என்பது புகை. 'கல்' என்பது பாறை. அப்புகையினூடே வட்டப் பரிசல்கள் சுழன்று செல்வதைக் கண்டு மகிழாதார் இலர். புதிதாக வந்தவன் கண்ணுக்கு அங்கே தெரிவது நீர் ஒன்றே. பரிசலோட்டியின் கண்ணுக்கோ, நீரின்கீழ் மறைந்து கிடக்கும் பாறையும், சுழியின் விளிம்பும், துடுப்பிடத் தகுந்த இடமும் தனித்தனியே புலப்படும். நீர்வரத்து மிகுந்த நாள்களில் மாவட்ட ஆட்சியினர் பரிசலை நிறுத்திவிடுவர். அன்று எத்துணைப் பொருள் கொடுப்பினும் பயணம் இல்லை.

வழியறிந்தவன் அறியாதவனைச் செலுத்தும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. அதற்கெனவே ஓர் இலக்கிய வகையைக் கண்டவர் நம் முன்னோர். வள்ளலிடம் பரிசில் பெற்று மீள்வோர், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவரை அவ்வள்ளல்பால் செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். 583 அடிகள் கொண்ட இந்நூலின் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா. இன்று செங்கம் என வழங்கும் அவ்வூர், தருமபுரி மாவட்டத்துக்குக் கிழக்கே அடுத்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. இந்நூலாசிரியர் பெருங்கௌசிகனார், மலைவழியின் அழகை மட்டும் சொல்லி அமையவில்லை. பன்றியை வீழ்த்த வைத்த பொறி இருக்கும் இடமும், பாம்பு உறையும் இடமும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும் இடமும், கால் வழுக்கும் பாறையும் பற்றி முன்னரே எச்சரிக்கின்றார். அழகைக் கூறுவோர் பலர். இடரைக் கூறுவோனே வழித்துணைவன்.

'ஆறு' என்னும் சொல் நீர் ஓடும் ஆற்றையும் குறிக்கும்; வழியையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றாகிவிடும் நிலம் ஒன்று நம் நாட்டின் வடகோடியில் உண்டு. இமயத்துக்கு அப்பால், லடாக் பகுதியில், சான்ஸ்கார் என்னும் ஆறு குளிர்காலத்தில் உறைந்து, மக்கள் நடக்கும் வழியாகவே ஆகிவிடுகின்றது. அந்நிலத்தார் அவ்வழியைச் 'சாதர்' என்பர். சாதர் என்பது விரிப்பு அல்லது போர்வை எனப் பொருள்படும். ஆற்றின்மேல் பனிக்கட்டி போர்வை விரித்தாற்போலக் கிடத்தலின் அப்பெயர் ஏற்பட்டது. உலகின் பல நாடுகளிலிருந்தும், நம் தமிழகத்திலிருந்தும், குளிர்காலப் பயணம் விரும்புவோர் இன்று அங்கே செல்கின்றனர்.

நாம் பனி என்று சொல்வது பெரும்பாலும் புல் நுனியில் நிற்கும் துளியையே. முன்பனி, பின்பனி என ஆண்டில் நான்கு திங்களைப் பனிக்கு வகுத்துக் கொடுத்தவர் தமிழர். ஆயினும் அப்பனியால் நம் கிணற்று நீர் கல்லாவதில்லை. சான்ஸ்கார் பள்ளத்தாக்கின் நிலை வேறு. அதன் தலைமையூராகிய பதும், கடல் மட்டத்துக்கு மேல் 3,600 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் உள்ளது. கார்கில் பக்கத்திலிருந்து வரும் வழி பென்சி கணவாயையும், தெற்கேயிருந்து வரும் வழி ஷிங்கு கணவாயையும் கடக்க வேண்டும். பனிமழை பெய்து இவ்விரண்டும் மூடிக்கொண்டால், பள்ளத்தாக்கு மூடிய செப்புப் போல ஆகிவிடும். அப்போது திறந்திருந்த வாயில் ஆறு ஒன்றே. வடக்கு நோக்கிப் பாயும் அவ்வாறு, செங்குத்தான மலைகளுக்கு இடையே ஒடுங்கிய இடுக்கு வழியாகச் சென்று, லே நகருக்கு மேற்கேயுள்ள நிம்மு என்னும் ஊரின் அருகே சிந்து நதியோடு கலக்கின்றது. சனவரி, பிப்ரவரித் திங்கள்களில் அங்கு இரவு வெப்பநிலை சுழிக்குக் கீழே 25 பாகை அளவுக்கும் இறங்கும்.

இவ்வழியில் முதலில் நடந்தவர் இன்பச் செலவு விரும்பியோர் அல்லர். சான்ஸ்கார் மக்கள் தம் வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயைச் சுமந்து லே நகருக்குச் சென்று விற்றனர். தமக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டு மீண்டனர். பிற்காலத்தில், லே நகரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைத் தந்தையர் இவ்வாற்றின் வழியே பள்ளிக்கு அழைத்துச் சென்றனர். சிறுவர் நடக்க இயலாத இடங்களில் தந்தையின் முதுகே அவர்க்கு ஊர்தி ஆயிற்று. பள்ளி அடுத்த தெருவில் இருக்கும்போதே மழையைக் காட்டி வீட்டில் தங்க விரும்பும் பிள்ளைகள், அச்சிறுவரைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

உறைந்த ஆற்றில் நடப்பது கல் தளத்தில் நடப்பது போன்றதன்று. நீர் மேலிருந்து கீழ்நோக்கி உறையும் இயல்பினது. பனிக்கட்டி நீரினும் இலேசானது ஆகையால் மிதந்து மேலே நிற்க, அதன் அடியில் ஆறு ஓடிக்கொண்டே இருக்கும். விசை குறைந்து நீர் தேங்கும் இடத்தில் பனிக்கட்டி தடிக்கும். விசை மிகுந்த இடத்தில் மெலியும். ஓரிடத்தில் யானையையும் தாங்கும் போலத் தோன்றும் கட்டி, பத்தடிக்கு அப்பால் ஓர் ஆளைத் தாங்காது. மேலே புதுப்பனி படிந்துவிட்டாலோ இடர் பெரிது. பஞ்சு போன்ற அப்பனி, கம்பளி போலக் கீழுள்ள கட்டியைக் குளிரினின்று மறைத்து, அது தடிக்காதபடி செய்துவிடும். விரிசலையும் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடும்.

ஆதலின் வழித்துணைவர் முன்னே செல்வார். அவர் கையில் ஒரு கோல் இருக்கும். அக்கோலால் பனிக்கட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே அடியெடுத்து வைப்பார். தேங்காய் வாங்குவோர் அதனைத் தட்டி ஓசையால் தரம் காண்பது போன்றது இது. திண்ணிய ஓசை எழுந்தால் நடக்கலாம். உள்ளீடற்ற ஓசை எழுந்தால் விலகவேண்டும். ஓசையோடு நிறமும் அவர்க்குச் சான்றாகும். நீலம் பாரித்துத் தெளிந்த கட்டி வலியது. பால் போல் வெளுத்த கட்டி, காற்றுக் குமிழிகள் கலந்தமையால் மெலிந்தது. முதல்நாள் இரவு வானம் எவ்வாறு இருந்தது என்பதையும் அவர் நினைவில் வைத்திருப்பார். விண்மீன்கள் தெளியத் தோன்றிய இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே சென்றுவிடும். கடுங்குளிர் உண்டாகி ஆறு நன்கு உறையும். முகில் கவிந்த இரவில் அவ்வெப்பம் முகிலால் தடுக்கப்படும். மறுநாட் காலையில் வழி ஐயத்துக்கு உரியது. வெயிலைக் கண்டு மகிழும் பயணிக்கும், வெயிலைக் கண்டு முகம் சுருக்கும் வழித்துணைவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நடக்கும் முறையையும் அவரிடமே கற்கவேண்டும். காலைத் தூக்கி வைத்தால் வழுக்கும். ஆதலின் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து, குறுகிய அடிகளாக நகர்தல் வேண்டும். முதல்நாளில் விழாதவர் அரியர். அந்நிலத்தார் சுமைகளை மரச் சறுக்குகளில் ஏற்றிக் கயிற்றால் இழுத்துச் செல்வர். பனிக்கட்டி உடைந்து கிடக்கும் இடத்தில் அச்சறுக்கையே முதுகில் சுமந்து பாறைமேல் ஏறுவர். இரவில் மலைக்குகைகளில் தங்குவதும் உண்டு. அவ்வாறு தங்குவதற்கு உரிய குகைகளுள் திப் என்பது பலரும் அறிந்தது. விறகு மூட்டி, வெண்ணெயும் உப்பும் இட்ட தேநீர் அருந்தி, நெருப்பைச் சூழ்ந்து அமர்ந்திருப்பர். உப்பிட்ட தேநீர் நம் நாவுக்கு முதலில் ஒவ்வாது. ஆயினும் கடுங்குளிரில் உடலுக்கு வேண்டிய கொழுப்பும் உப்பும் நீரும் ஒரே கோப்பையில் கிடைத்துவிடுகின்றன. அவ்வழியில் நேரக் என்னும் இடத்தில் அருவி ஒன்று வீழ்ந்தவாறே உறைந்து நிற்கும். ஒகேனக்கல்லைக் கண்டவர் அதனைக் காணும்போது, ஓசையற்ற அருவியும் உண்டோ என்று வியப்பர்.

சமவெளியிலிருந்து செல்வோர்க்கு உடல்நிலையும் ஒரு தடையாகும். லே நகர் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் உயிர்க்காற்று, கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே ஆகும். வானூர்தியில் இறங்கியவுடன் ஓடியாடினால் தலைவலியும் குமட்டலும் உண்டாகும். முற்றினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே இடராகும். அதனால் சில நாள் லே நகரில் ஓய்ந்திருந்து, மருத்துவர் சோதித்து ஒப்பிய பின்னரே பயணிகளை ஆற்றுக்கு விடுகின்றனர். உடை வகையிலும் நம்மவர் விரும்பும் பருத்தி அங்கு உதவாது. வியர்வையால் நனைந்த பருத்தி எளிதில் உலராது உடல் வெப்பத்தைப் பறிக்கும். கம்பளியோ நனைந்தும் ஓரளவு வெம்மை தரும். விரல் மரத்து வெளுத்தால் நெருப்பில் காட்டுவதும், பனியால் தேய்ப்பதும் தீங்கு. உணர்வற்ற தோல் சுடுவதை அறியாது வெந்துபோகும். தேய்த்தால் உறைந்த தசை கிழிபடும்.

சில நாள்களில் ஆறு வழிவிடாது. பனிக்கட்டி உடைந்து, நீர் அதன்மேல் ஏறி ஓடும். அப்போது வழித்துணைவர் 'இன்று செல்லுதல் ஆகாது' என்பார். பொருளும் நாளும் செலவிட்டு வந்தவர்க்கு இச்சொல் கசக்கும். 'சிறிது தூரமேனும் செல்வோமே' என்று வற்புறுத்துவாரும் உண்டு. அவ்வாறு வற்புறுத்துவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: முதலில் அடியெடுத்து வைப்பவர் அவ்வழித்துணைவரே, பனிக்கட்டி உடைந்தால் முதலில் வீழ்பவரும் அவரே. கூலிக்கு வந்தவர் தம் சொற்படி நடக்கவேண்டும் என்னும் எண்ணம் அங்கே செல்லாது. ஊரார் அறிவும் போதாத நிலையும் உண்டு. 2014ஆம் ஆண்டின் இறுதியில் சான்ஸ்காரின் துணையாறு ஒன்றில் மலை சரிந்து நீரை மறித்தது. பின்னே பெரிய ஏரி தேங்கியது. அது 2015ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் உடைந்து, பாலங்களையும் வயல்களையும் பாழாக்கிற்று.

இனி, ஆற்றில் அன்றி ஆழ்ந்த பனிநிலத்தில் நடப்போர் பயன்படுத்தும் கருவி ஒன்றையும் அறிதல் நன்று. அது பனிமிதியடி. வட அமெரிக்காவின் பழங்குடியினர், மரச்சட்டத்தை நீராவியில் வளைத்து, அதனுள் தோல்வாரை வலைபோலப் பின்னி, அதனைக் காலில் கட்டிக்கொண்டு பனிக்காடுகளில் வேட்டையாடினர். இக்காலத்தில் உலோகத்தாலும் நெகிழியாலும் அதனைச் செய்கின்றனர். அதன் நுட்பம் எளிய கணக்கில் அடங்கும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலை ஊன்றும்போது, அப்பாதத்தின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்வோம். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 300 கிராம் எடையைத் தாங்கவேண்டும். மிதியடியின் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர் ஆயின், அது 50 கிராம் ஆகக் குறைந்துவிடும். தொடையளவு புதையவேண்டியவர் சில விரலளவே புதைவார். ஒட்டகத்தின் அகன்ற அடி மணலில் புதையாமைக்கும் காரணம் இதுவே. கனடா, பின்லாந்து முதலிய வடநாடுகளில் குளிர்கால விடுமுறைக்கு வருவோரை வழித்துணைவர் இம்மிதியடியோடு காடுகளுக்குள் அழைத்துச் செல்கின்றனர். ஆயினும் கருவி, புதையாமல் காக்குமே யன்றி, மேலிருந்து சரியும் பனிப்பாறையினின்று காவாது. எந்தச் சரிவின்கீழ் நிற்கலாகாது என்பதை அறிந்தவர் உடன் இருத்தல் வேண்டும்.

குளிர்காலம் லடாக் சிற்றூர்களில் உழவு இல்லாத காலம். ஆதலின் பயணிகள் தரும் கூலி அங்குள்ள குடும்பங்களுக்குப் பெருந்துணை. 1981ஆம் ஆண்டு அமைந்த ஹெமிஸ் தேசியப் பூங்காவில், பனிச்சிறுத்தையைக் காண வருவோரை அவ்வூரார் தம் இல்லங்களிலேயே தங்கவைக்கின்றனர். முன்னர் ஆட்டைக் கவரும் பகையென்று அவ்விலங்கைக் கல்லாலெறிந்து கொன்றவரின் வழிவந்தோர், இப்போது அதன் அடிச்சுவட்டைப் பயணிக்குக் காட்டிப் பிழைக்கின்றனர்.

சான்ஸ்கார் ஆற்றின் ஓரமாக மலையைக் குடைந்து சாலை அமைக்கும் பணி பல ஆண்டுகள் நடைபெற்றது. நிம்மு, பதும், தார்ச்சா ஆகிய ஊர்களை இணைக்கும் 298 கிலோமீட்டர்ச் சாலை 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இணைப்புப் பெற்றது. ஷிங்கு கணவாயின்கீழ்ச் சுரங்கவழி அமைக்கும் பணியும் அவ்வாண்டு சூலையில் தொடங்கியது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல ஆறு உறையும் நாளை எதிர்நோக்கியிருந்த மக்கள் இச்சாலையை வரவேற்பது இயல்பே. பனிக்கட்டியின் அழகு குன்றுமே என வருந்துவோர் பெரும்பாலும் வெளியூரார். சாலை உள்ளே நீள நீள, நடைப்பயணம் தொடங்கும் இடமும் உள்ளே நகர்ந்து, வழி குறுகிவந்தது. வெண்ணெய்ச் சுமையோடு நடந்தவர்களின் பேரர், பயணியின் மூட்டையைச் சறுக்கில் இழுத்துக்கொண்டு, பாட்டனார் தட்டிய அதே முறையில் கோலால் தட்டி, ஓசை கேட்டு நடக்கின்றனர்.