துங்கநாதர் வழியில் ஒரு தேநீர்க் கடை

உத்தராகண்ட் மாநிலத்தின் ருத்ரபிரயாகை மாவட்டத்தில் சோப்தா என்றொரு சிற்றிடம் உள்ளது. அங்கிருந்து துங்கநாதர் ஆலயத்திற்குச் செல்லும் கல் பாவிய பாதையின் நீளம் ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர்தான். ஆயினும் அந்தச் சிறிய தொலைவுக்குள் ஆயிரம் மீட்டர் அளவு உயரம் ஏறியாக வேண்டும். ஆலயம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,680 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. கேதாரநாதர், துங்கநாதர், ருத்ரநாதர், மத்யமகேஸ்வரர், கல்பேஸ்வரர் என்னும் பஞ்ச கேதாரத் தலங்களுள் மிக உயரத்தில் இருப்பது இதுவே. காலையில் புறப்பட்டுத் தரிசனம் முடித்து மாலைக்குள் இறங்கிவிடலாம் என்பதால், குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு குடும்பமாகச் செல்வோர் மிகுதி.

இமயத்தில் யாத்திரை செய்தவர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஆலயத்தையும் சிகரத்தையும் பற்றியே அமைகின்றன. அது இயல்பே. ஆனால் இந்தப் பாதையில் ஆங்காங்கே தேநீர்க் கடைகளும் இருக்கின்றன. இல்லறத்தில் இருந்துகொண்டே ஆன்மிக வாழ்வை நாடும் அன்பர்களுக்கு அவற்றிடமிருந்து கற்க வேண்டியது சில உண்டு.

கல்லை அடுக்கி எழுப்பிய சுவர், தகரமோ தார்ப்பாயோ வேய்ந்த கூரை, ஓர் அடுப்பு, உட்கார இரண்டு பலகைகள். இவ்வளவுதான் கடை. சர்க்கரை, பால்மாவு, எரிவாயு உருளை ஆகிய யாவும் கோவேறு கழுதையின் முதுகிலோ மனிதன் முதுகிலோ ஏறி வந்தவை. ஆகவே மேலே செல்லச் செல்ல விலையும் ஏறுகிறது. அதைக் குறித்துப் பேரம் பேசும் யாத்ரீகர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது. ஓர் உருளையை இங்கே தூக்கி வருவது எத்தகைய உழைப்பு என்பதை நம் கால்களே அப்போது சொல்லிக்கொண்டிருக்க, வாய் மட்டும் வேறொன்று பேசுகிறது!

தேநீர் தயாராவதற்கும் நேரம் பிடிக்கும். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவாதலால் நீர் சுமார் 88 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. கொதி வந்ததும் இறக்கினால் தேயிலையின் சாரம் முழுவதும் இறங்குவதில்லை. எனவே கடைக்காரர் இஞ்சியைத் தட்டிப் போட்டு நெடுநேரம் கொதிக்க விடுகிறார். நம் அவசரம் அங்கே செல்லுபடி ஆவதில்லை. இளவேனிலில் சென்றால் புரான்ஸ் மலரின் செந்நிறச் சர்பத்தும் சில கடைகளில் கிடைக்கும். உத்தராகண்டின் மாநில மரம் அது.

வழித்தங்கலின் பழைய முறை

இன்றைய தேநீர்க் கடைக்கு ஒரு முன்னோர் மரபு உண்டு. மோட்டார் சாலைகள் வருவதற்கு முன் ரிஷிகேசத்திலிருந்து கேதாரத்திற்கும் பத்ரிக்கும் யாத்ரீகர்கள் வாரக்கணக்கில் நடந்தே சென்றனர். வழியில் சில மைல்களுக்கு ஒன்றாகத் தங்குமிடங்கள் இருந்தன. அவற்றுக்கு அங்கே ‘சட்டி’ என்று பெயர்; நம் அடுப்படிச் சட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்குள்ள கடைக்காரரிடம் மாவோ அரிசியோ பருப்போ வாங்கிக்கொண்டால் போதும். சமைக்கப் பாத்திரமும் இரவு படுக்க இடமும் தனிக் கட்டணம் இன்றியே கிடைக்கும். வணிகமும் விருந்தோம்பலும் ஒன்றையொன்று கெடுக்காமல் அங்கே சேர்ந்து வாழ்ந்தன. கையில் காசில்லாத சாதுக்களின் நிலையை எண்ணி, ‘காளி கம்லி வாலா’ அதாவது கருங்கம்பளி பாபா என்று அழைக்கப்பெற்ற சுவாமி விசுத்தானந்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வழிகளில் தரும சத்திரங்களும் அன்னதானமும் ஏற்படத் தூண்டுகோலாக இருந்தார்.

பாதை முழுவதும் நடந்தே தீர வேண்டியிருந்த அக்காலத்தில், எங்கே நிற்பது என்பது எங்கே செல்வது என்பதற்கு இணையான கேள்வியாக இருந்தது. நின்றவர்கள் நிலையை வைத்தே மறுநாள் நடை முடிவாகும். காய்ச்சல் கண்டவருக்காக ஒரு குழுவே இரண்டு நாள் தங்கும். இன்று சோப்தா வரை வாகனத்தில் வந்துவிடுகிறோம். முதல் நாள் சமவெளியில் இருந்தவர்கள் மறுநாள் காலையில் மலையேறத் தொடங்கிவிடுகிறோம். நிற்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமற் போயிற்று.

அந்தக் கடையில் கண்டது

மே மாதத்தில் ஒருநாள், ஆலயத்திற்குச் சற்றுக் கீழே இருக்கும் கடையொன்றில் லக்னோவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைக் கண்டோம். எழுபது வயதை நெருங்கும் பாட்டி, மகன், மருமகள், பதினான்கு வயதுப் பேரன், ஒன்பது வயதுப் பேத்தி. பேரன் எல்லாருக்கும் முன்னே ஓடி, ஆலயத்தின் கொடி தெரியும் திருப்பம் வரை சென்றுவிட்டிருந்தான். பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பலகையில் அமர்ந்தார்.

“நீங்கள் போய் வாருங்கள். எனக்காக யாரும் நிற்க வேண்டாம். நான் இங்கே ஜபம் செய்துகொண்டிருக்கிறேன்” என்றார் அவர்.

மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேற்கில் மேகம் திரளத் தொடங்கியிருந்தது. மருமகள், “நான் அம்மாவுடன் இருக்கிறேன், குழந்தைகளை நீங்கள் அழைத்துச் செல்லுங்கள்” என்றார். ஏற்பாடு நன்றாகவே இருந்தது. ஆனால் கடைக்காரர் வேறொன்றைக் கவனித்தார். சிறுமியின் முன்னே வைத்த தேநீர் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. பிஸ்கெட்டையும் அவள் தொடவில்லை.

“குழந்தாய், தலை வலிக்கிறதா?” என்று அவர் இந்தியில் கேட்டார்.

அவள் தந்தையைப் பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தாள். பிறகு, பாட்டியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காலையிலிருந்தே வலிப்பதாகவும் குமட்டுவதாகவும் சொன்னாள். சொன்னால் அண்ணன் கோபிப்பான் என்பதால் சொல்லவில்லையாம்.

கடைக்காரர், “பாயி சாப், இன்றைக்கு இறங்கிவிடுங்கள். பாபா எங்கும் போய்விட மாட்டார்” என்றார்.

தந்தை சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. ஓராண்டு திட்டமிட்ட யாத்திரை. இன்னும் அரை மணி நேரம் நடந்தால் சந்நிதி. பின்னர் எழுந்து, காலணிகளைக் கழற்றிவிட்டு, ஆலயம் இருந்த திசை நோக்கி நின்று வணங்கினார். மகனைத் திரும்ப அழைத்து வந்தார். ஐவரும் இறங்கினர். பையன் இறங்கும் வழியில் யாருடனும் பேசாமல் தனியே நடந்தான்.

அவனுடைய கோபத்தைத் தவறென்று சொல்ல மனம் வரவில்லை. ‘இங்கிருந்து வணங்கியதும் தரிசனம்தான், எல்லாம் ஒன்றே’ என்று அவனிடம் எளிதாகச் சொல்லிவிடலாம். அது அவனை ஏமாற்றுவதாகும். அவன் வந்தது சந்நிதியைக் காண, அது கிடைக்கவில்லை. இழப்பு என்று ஒன்று உண்மையில் இருந்தால்தானே அதை விட்டுக்கொடுத்ததற்குத் தியாகம் என்ற பெயர் பொருந்தும்? அவன் அதைத் தானாக விட்டுக்கொடுக்கவில்லை, அவனிடமிருந்து எடுக்கப்பட்டது. அதைத் தன்னுடைய தியாகமாக மாற்றிக்கொள்ள அவனுக்குச் சில ஆண்டுகள் ஆகலாம்.

திரும்பிப் பாராத யுதிஷ்டிரர்

பஞ்ச கேதாரத் தல வரலாறு பாண்டவர்களோடு தொடர்புடையது. உறவினரைக் கொன்ற பாவம் தீரச் சிவபெருமானைத் தேடி அவர்கள் இமயத்திற்கு வந்தனர் என்றும், காளை வடிவில் மறைந்த பெருமானின் திருத்தோள்கள் துங்கநாதத்தில் வெளிப்பட்டன என்றும் மரபு கூறுகிறது. பின்னொரு காலத்தில் அதே இமயத்தில் அவர்கள் மேற்கொண்ட கடைசி நடையை மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வம் சொல்கிறது. திரௌபதி விழுகிறாள், சகதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் ஒருவர்பின் ஒருவராக விழுகின்றனர். யுதிஷ்டிரர் திரும்பிப் பாராமல் நடக்கிறார்.

வைராக்கியத்திற்கு எடுத்துக்காட்டாக இந்தக் காட்சியைச் சொல்வதுண்டு. அதையே குடும்பத்தில் தன்போக்கில் நடப்பதற்குச் சான்றாகக் காட்டுவோரும் இருக்கின்றனர். ‘ஆன்மிகப் பாதையில் யாருக்காகவும் நிற்கக்கூடாது’ என்று சொல்லி, வீட்டில் நோயுற்றவரை விட்டுவிட்டுச் சத்சங்கத்திற்குச் செல்லும் அன்பர்களை நாம் அறிவோம். ஆனால் வியாசர் கதையை அங்கே முடிக்கவில்லை. தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏற யுதிஷ்டிரர் மறுக்கிறார். சுவர்க்கம் சென்றபின் அங்கே தம்பியரையும் திரௌபதியையும் காணாமல், அவர்கள் இருக்கும் இடமே தமக்கு வேண்டும் என்கிறார். நரகத்தில் அவர்களுடைய குரலைக் கேட்டதும் அங்கேயே தங்கிவிடத் துணிகிறார். பாதையில் நில்லாத மனிதரைக் காவியம் கடைசியில் நிற்க வைத்தே சோதிக்கிறது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. பாண்டவர் சென்றது மீளாத பயணம். அரசை விட்டு, உடலையும் விடத் துணிந்து புறப்பட்டவர்கள் அவர்கள். நாம் செல்வது மாலைக்குள் வீடு திரும்ப வேண்டிய பயணம். மீளும் பயணத்திற்கு மீளாப் பயணத்தின் விதியைப் பொருத்துவது சரியாகாது.

பத்ரிக்குச் செல்லாத துறவி

துறவியர் வாழ்விலேயே இதற்கு விளக்கம் கிடைக்கிறது. 1890ஆம் ஆண்டு சுவாமி விவேகானந்தர், சுவாமி அகண்டானந்தருடன் அல்மோராவிலிருந்து பத்ரி நோக்கி நடந்தார். பஞ்சத்தின் காரணமாக அரசாங்கம் மேலே செல்லும் வழியை மூடியிருந்தது. கர்ணபிரயாகைக்கு அப்பால் போக இயலவில்லை. வழியில் இருவரும் நோயுற்றனர். பின்னர் டெஹ்ரியில், கங்கைக் கரையில் தங்கித் தவம் செய்ய விவேகானந்தருக்கு இடம் ஏற்பாடாயிற்று. அவர் நெடுநாள் ஏங்கிய வாய்ப்பு அது. அந்நேரத்தில் அகண்டானந்தரின் மார்புச் சளி நோய் முற்றியது. மலையில் இருக்கக்கூடாது, சமவெளிக்கு இறங்க வேண்டும் என்று மருத்துவர் கூறினார். விவேகானந்தர் தவத்தைக் கைவிட்டு, சகோதரத் துறவியை அழைத்துக்கொண்டு டேராடூனுக்கு இறங்கினார்.

உறவையெல்லாம் துறந்தவர் அவர். கடமை என்று அவரைக் கட்டுப்படுத்தக் கூடியது எதுவும் இல்லை. தனித்துத் தவம் செய்யவே மலைக்கு வந்தவர், இருமிக்கொண்டிருந்த ஒருவருக்காகக் கீழே இறங்கினார். இல்லறத்தார் இதைச் சற்று நேரம் சிந்திக்க வேண்டும்.

நடைமுறையில்

2,500 மீட்டருக்கு மேல் எவருக்கும் மலைநோய் வரலாம். வலிமையான இளைஞருக்கும் வரும். சோப்தாவே அந்த உயரத்தைக் கடந்தது. துங்கநாதத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து தோன்றினால் மேலே ஏறக்கூடாது. குறையாவிட்டால் இறங்க வேண்டும். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவை கண்டால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. முதல் நாள் உகிமடத்திலோ சோப்தாவிலோ தங்குவது நல்லது.

நடையில் மிக மெதுவாகச் செல்பவரை முன்னே விடுங்கள். அவர் பின்னால் வந்தால், முன்னே சென்றவர்கள் அமர்ந்து இளைப்பாறிக் காத்திருப்பர். அவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பர். ஓய்வு மிகத் தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைக்காமற் போகும். பல குடும்பங்களில், மலையில் மட்டுமின்றி வீட்டிலும், தாய்மார்களின் நிலை இதுதான். ஓடித்திரியும் பிள்ளைக்கு ஒரு பொறுப்பைத் தாருங்கள்: பாட்டியின் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுமப்பது, அவரது அடிக்கு ஒரு நாமமாக உடன் ஜபிப்பது. எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கீழேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மேலே சென்றபின் ஆசை கணக்கை மாற்றிவிடும்.

தேநீர்க் கடையில் நின்றதும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எல்லாரையும் பொதுவாகக் கேட்டால் ‘நன்றாக இருக்கிறோம்’ என்றே விடை வரும். முதியோர் பாரமாகிவிடுவோமோ என்று மறைப்பர். குழந்தைகள் திட்டுவார்களோ என்று மறைப்பர். குடித்த தேநீரை விடக் குடிக்காமல் வைத்த தேநீரைக் கவனியுங்கள். கடைக்காரர் ஏதேனும் சொன்னால் கேளுங்கள். அவ்வழியில் ஏறியவர்களையும் இறங்கியவர்களையும் நாள்தோறும் பார்ப்பவர் அவர். பிஸ்கெட் உறைகளை உங்கள் பையிலேயே கீழே கொண்டு வாருங்கள். அங்கே அவற்றை அள்ளிச் செல்ல வண்டி வராது.

அந்தப் பாட்டியைப் போல் மேலே ஏற இயலாதவர்களுக்கு ஒரு செய்தி. இலையுதிர் காலத்தின் முடிவில் ஆலயம் மூடப்படும்போது தேநீர்க் கடைக்காரர்களும் பொருள்களைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகின்றனர். துங்கநாதரின் உற்சவ மூர்த்தியும் பல்லக்கில் எழுந்தருளி, கீழே மக்கூமடம் கிராமத்தின் மார்க்கண்டேயர் ஆலயத்திற்கு வந்துவிடுகிறார். பனிக்காலம் முழுவதும் அங்கேயே பூஜை நடக்கிறது. அதற்குச் செல்ல இந்த மலைப்பாதையை ஏற வேண்டியதில்லை.