பாகை காட்டிய மணிக்கூடு

மணிக்கூடு மணி காட்டுவதற்கே உரியது என்பது நாம் எல்லோரும் சிறுவயது முதல் அறிந்த ஒன்று. ஆயின், மணியோடு பாகையையும் கலையையும் சேர்த்துக் காட்டுமாறு ஒரு கைமணிக்கூடு 1931ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தில் செய்யப்பட்டது என்பதும், அதன் முகத்தை வரைந்து கொடுத்தவர் மணிக்கூட்டுத் தொழிலாளர் அல்லர், ஓர் ஆகாய விமானி என்பதும் மாணவர் பலர் கேள்விப்பட்டிராத செய்திகள். லோன்ஜீன்ஸ் தொழிலகத்தார் செய்த அம்மணிக்கூட்டுக்கு நேரக்கோண மணிக்கூடு என்று பெயர். அதன் முகத்திற் கீறப்பட்ட கோடுகளைச் சரிவர விளங்கிக்கொண்டவன் பூமிசாத்திரப் பாடத்தில் ஒரு கடினமான அத்தியாயத்தையும் உடன் விளங்கிக்கொண்டவன் ஆவான். அக்கருத்தினாலேயே இம்மலரில் அதனைக் குறித்துச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

பூமி 24 மணி நேரத்தில் ஒருமுறை தன்னைத்தான் சுற்றுகின்றது. ஒரு சுற்றுக்கு 360 பாகை. ஆகவே மணிக்கு 15 பாகை; 4 நிமிடத்துக்கு ஒரு பாகை; 4 செக்கனுக்கு ஒரு கலை. பஞ்சாங்கத்தோடு பழகிய வீடுகளில் வளர்ந்தவர்க்கு இது புதிதன்று. நாளொன்றுக்கு 60 நாழிகை எனின் நாழிகைக்கு 6 பாகையும், விநாழிகைக்கு 6 கலையும் ஆகின்றனவன்றோ? பூமத்திய ரேகையில் ஒரு கலை தூரம் ஏறத்தாழ ஒரு கடல்மைல், அஃதாவது 1,852 மீற்றர். எனவே நேரத்தில் 4 செக்கன் தவறியவன் இடத்தில் ஒரு கடல்மைல் தவறுவான். அரை நிமிடம் தவறியவன் ஏழரைக் கடல்மைல் தவறுவான். வீட்டில் அரை நிமிடத்தை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. நடுச்சமுத்திரத்தில் ஒரு சிறு தீவைத் தேடுகின்றவனுக்கோ அது கண்ணுக்கெட்டும் தூரத்துக்கும் அப்பாற்பட்டதாய் இருக்கலாம்.

அகலக்கோட்டை அறிவது எளிது. இரவிலே துருவ நட்சத்திரத்தின் உயரமும், பகலிலே உச்சிச் சூரியனின் உயரமும் அதனைத் தந்துவிடும். நெடுங்கோடே மாலுமிகளை நெடுங்காலம் அலைக்கழித்தது. அதனைக் கண்டறியும் வழிக்கு 1714இல் ஆங்கிலப் பாராளுமன்றம் 20,000 பவுண் பரிசு வைத்ததும், தச்சர் மகனான யோன் ஹரிசன் செய்த மணிக்கூடு 1761இல் யமெய்க்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் 81 நாளில் ஏறக்குறைய 5 செக்கன் மட்டுமே பிந்தியதும் பலரும் அறிந்த வரலாறு. அதனை இங்கு விரிக்க வேண்டுவதில்லை. கப்பற்காரருக்கு அதன்பின் வழி பிறந்தது என்பதோடு அமைவோம்.

ஆகாயத்திற் செல்வோர்க்கு அவ்வழி போதவில்லை. கப்பலில் மேசை உண்டு. பெட்டிக்குள் அசையாமல் வைத்த பெரிய மணிக்கூடு உண்டு. கணக்கிட அவகாசமும் உண்டு. கால் மணி நேரம் இருந்து கணக்கு முடித்தாலும் கப்பல் அதற்குள் நாலைந்து மைலே நகர்ந்திருக்கும். மணிக்கு 100 மைல் வேகத்திற் பறக்கும் விமானமோ அக்கால் மணிக்குள் 25 மைல் சென்றுவிடும். கணக்கு முடியும்போது விடை பழைய விடையாகிவிடும். தனியாகப் பறப்பவன் ஒரு கையால் விமானத்தையும் மறு கையால் பென்சிலையும் பிடிக்க வேண்டும். குளிரிலே விரலும் விறைத்திருக்கும்.

இதன் பயனை 1927ஆம் ஆண்டு நன்கு காட்டியது. மே 8ஆந் தேதி பாரிசிலிருந்து நியூயோர்க்கை நோக்கிப் புறப்பட்ட பிரெஞ்சு விமானிகள் நன்ஜெசரும் கோலியும் திரும்பவேயில்லை. ஓகஸ்ட் மாதத்தில் கலிபோர்னியாவிலிருந்து ஹவாயிக்கு நடந்த டோல் ஓட்டப் போட்டியில் இரு விமானங்களே கரை சேர்ந்தன. வேறிரண்டு கடலின்மேல் மறைந்தன. இவ்விரண்டு நிகழ்ச்சிக்கும் இடையில், மே 20, 21ஆந் தேதிகளில், சார்ள்ஸ் லிண்ட்பேர்க் தனியொருவராய் நியூயோர்க்கிலிருந்து பாரிசுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரத்திற் பறந்து உலகப் புகழ் பெற்றார். அவரிடம் வானொலியும் இல்லை, சூரியனை அளக்கும் கருவியும் இல்லை. திசையறி கருவியைப் பார்த்து, இத்தனை மணி நேரம் இத்தனை வேகத்தில் வந்தோம், காற்று இப்பக்கம் தள்ளியிருக்கும் என்று மதிப்பிட்டே சமுத்திரத்தைக் கடந்தார். வென்றபின் இதனைத் திறமை என்று உலகம் கூறியது. திறமையே; ஆனால் காற்று வேறாக வீசியிருப்பின் என்னவாகியிருக்கும் என்பதை லிண்ட்பேர்க்கே பின்னர் உணர்ந்தார்.

உணர்த்தியது 1928 பெப்ரவரி மாதம். கியூபாவின் ஹவானா நகரிலிருந்து அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகருக்கு அவர் பறந்தபோது திசையறி கருவிகள் பிழைபட்டன. இரவு கழிந்து வெளிச்சம் வந்தபின் பார்த்தால், அவர் செல்ல வேண்டிய வழியிலிருந்து வெகுதூரம் விலகிப் பஹாமாத் தீவுகளின்மேல் நின்றார். உலகம் போற்றிய வீரர் அதன்பின் செய்த காரியம் எமக்கு அவருடைய பெரும் பறப்பைக் காட்டிலும் வியப்பாய் இருக்கின்றது. அவர் மீண்டும் மாணாக்கராயினார்.

ஆசிரியராய் வாய்த்தவர் அமெரிக்கக் கப்பற்படை அதிகாரியாகிய பிலிப் வான் ஹோர்ன் வீம்ஸ் (1889–1979). விண்பொருள்களைக் கொண்டு வழியறியும் கலையைச் சுருக்கி, விமானத்தின் வேகத்துக்கு ஏற்றதாக்குவதே அவர் மேற்கொண்ட பணி. 1928இல் ஏறக்குறைய ஒரு மாதகாலம் லிண்ட்பேர்க் அவரிடம் பாடங் கேட்டார். இவ்வாசிரியரின் பெயர் மாணாக்கரின் பெயரளவுக்குப் பரவாதது நியாயமன்று என்றே கருதுகின்றோம். நேரக்கோண மணிக்கூட்டின் பாதி அவருக்குரியது.

அப்பாதி எது என்பதை முதலிற் கூறுவோம். அக்காலத்துக் கைமணிக்கூடுகளில் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் நம் விருப்பப்படி திருப்பலாம். செக்கன் முள்ளைத் திருத்த முடியாது. அது தன் போக்கில் ஓடிக்கொண்டேயிருக்கும். வானொலியில் நேரக்குறி ஒலிக்கும்போது செக்கன் முள் 60இல் நில்லாமல் 7இல் நின்றால் என் செய்வது? ஏழு செக்கனை மனத்தில் வைத்து ஒவ்வொரு முறையும் கழிக்க வேண்டும். களைத்த மூளை அதனை ஒருமுறை கூட்டிவிடும். வீம்ஸ் கண்ட உபாயம் மிக எளியது. முள்ளைத் திருப்ப முடியாதாயின் முகத்தைத் திருப்புக என்றார். செக்கன்கள் குறித்த நடுத்தட்டைச் சுழலும்படி அமைத்து, நேரக்குறி ஒலிக்குங் கணத்தில் முள் எங்கே நிற்கின்றதோ அங்கே 60ஐக் கொண்டுவந்து வைத்தால் காரியம் முடிந்தது. இதற்கு 1929இல் உரிமை கோரி 1935இல் அதனைப் பெற்றார். கேட்டபின் இது யாருக்குத்தான் தோன்றாது என்று நினைக்கின்றோம். கேட்குமுன் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி லிண்ட்பேர்க் சேர்த்தது. வீம்ஸின் மணிக்கூடு சரியான நேரத்தைத் தந்தது. ஆனால் விமானிக்கு வேண்டியது நேரமன்று, கோணம். சூரியன் கிறீனிச் நெடுங்கோட்டைக் கடந்து மேற்கே எத்தனை பாகை சென்றுள்ளது என்பதே நேரக்கோணம். நேரத்தைக் கோணமாக மாற்றப் பெருக்கலும் கூட்டலும் வேண்டும். அவ்வேலையை மணிக்கூட்டின் முகமே செய்துவிடும்படி அவர் அளவுகோல்களை அமைத்தார். மணி எண்களின் அருகே 15 முதல் 180 வரை பாகைகள் எழுதப்பட்டன. மணி முள் 12 மணியிற் சுற்றும் வட்டம் 180 பாகை என்பதை நினைவு கூர்க. வெளிவிளிம்பில் உள்ள வளையத்தில் 15 பாகைகள் பொறிக்கப்பட்டன. நிமிட முள் ஒரு சுற்றுச் சுற்றும் காலத்தில் சூரியன் கடக்கும் கோணம் அதுவே. நடுத்தட்டில் 60 செக்கனோடு 15 கலைகளும் குறிக்கப்பட்டன. மூன்று முள், மூன்று அளவு. இவற்றைக் கூட்டினால் கோணம்.

மணிக்கூட்டின் விட்டம் 47.5 மில்லிமீற்றர், ஏறக்குறைய இரண்டு அங்குலம். சாவி கொடுக்கும் குமிழ் வெங்காயம் போல் உருண்டு பெருத்தது. கையுறை அணிந்த விரலாலும் திருகலாம். தடித்த மேலங்கியின் மேலே கட்டுவதற்கு வார் நீண்டது. அழகுக்கென்று அதில் அமைந்தது மிகச் சிறிது.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். கிறீனிச் நேரம் பிற்பகல் 5 மணி 22 நிமிடம் 32 செக்கன் என்க. மணி முள் 5ஐக் கடந்து நிற்கும்; அங்கே 75 பாகை. நிமிட முள் 22க்கு நேரே, விளிம்பில் 5 பாகை 30 கலை. செக்கன் முள் 32இல், நடுத்தட்டில் 8 கலை. மொத்தம் 80 பாகை 38 கலை. பென்சில் வேண்டியதில்லை.

ஆயினும் இது இன்னும் சூரியனின் உண்மையான இடம் அன்று. மணிக்கூடு காட்டுவது ஒரே சீராய் ஓடும் கற்பனைச் சூரியனை. உண்மைச் சூரியன் அவ்வாறு ஓடுவதில்லை. பூமியின் பாதை முழு வட்டம் அன்மையாலும், அதன் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதாலும், அது சில மாதங்களில் முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் தோன்றும். யாழ்ப்பாணத்தில் இதனை ஒரு தடியை நட்டே காணலாம். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 80 பாகை கிழக்கில் உள்ளது. இலங்கையின் பொது நேரமோ 82½ பாகைக்கு உரியது. அவ்விரண்டரைப் பாகையின் பொருட்டு உச்சிவேளை 12 மணி 10 நிமிடத்துக்கு வரவேண்டும். ஆனால் பெப்ரவரி நடுவில் நிழல் மிகக் குறுகுவது 12.24 அளவில், நவம்பர் முற்பகுதியில் 11.54 அளவிலேயே. நவம்பரில் சூரியன் 16 நிமிடத்துக்கு மேல் முந்துகின்றது. 16 நிமிடம் 24 செக்கன் என்றால் அது 4 பாகை 6 கலை.

இதனைத் திருத்தவே விளிம்பு வளையம் சுழலும்படி அமைக்கப்பட்டது. அன்றைய வேறுபாட்டை வான்கணிதப் பஞ்சாங்கத்திற் பார்த்து, பறப்பதற்கு முன் வளையத்தை அவ்வளவு திருப்பிவைத்தாற் போதும். நம் கணக்கில் நவம்பர் முற்பகுதியாயின் நிமிட முள் இப்போது 5 பாகை 30 கலைக்குப் பதில் 9 பாகை 36 கலையைக் காட்டும். கூட்டினால் 84 பாகை 44 கலை. அந்தக் கணத்தில் சூரியன் மேற்கு நெடுங்கோடு 84 பாகை 44 கலையில், பேரு நாட்டுக்கு மேற்கே பசிபிக் சமுத்திரத்தின் ஓரிடத்தில், நேர் உச்சியில் நிற்கின்றது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். மணிக்கூடே விமானியின் இடத்தைச் சொல்லிவிடும் என்று சிலர் எழுதுவதுண்டு. அது தவறு. மணிக்கூடு சொல்வது சூரியன் எவ்விடத்துக்கு நேர் மேலே உள்ளது என்பதன் ஒரு பகுதியை மட்டுமே. விமானி தன் இடத்திலிருந்து சூரியனின் உயரத்தைச் செக்ஸ்டன்ற் என்னும் கோணமானியால் அளக்க வேண்டும். கடலின் தொடுவானம் மேகத்தில் மறைவதால், மேசன்மாரின் மட்டக்கருவியில் உள்ளது போன்ற காற்றுக்குமிழ் அக்கருவியிற் பொருத்தப்பட்டது. இவ்வளவும் செய்தாலும் ஒரு தடவை அளந்ததிற் கிடைப்பது ஒரு கோடு மட்டுமே. அக்கோட்டில் எங்கோ நாம் இருக்கின்றோம் என்பதே விடை. இரண்டாவது கோடு கிடைத்து இரண்டும் வெட்டுமிடமே நம் இடம். நேரக்கோண மணிக்கூடு இந்நீண்ட வேலையில் ஒரு படியைக் குறுக்கியது. அப்படியிலேதான் களைத்தவன் பெரும்பாலும் பிழை விட்டான் என்பதே அதன் பெருமை.

வீம்ஸின் முறை விரைவிற் பரவியது. அவரோடு பணிபுரிந்த ஹரல்ட் காட்டி 1931இல் வைலி போஸ்டுக்கு வழிகாட்டியாய்ச் சென்று, எட்டு நாளும் சுமார் 16 மணி நேரமும் கொண்டு உலகைச் சுற்றினார். இரண்டாம் உலக யுத்தத்தில் செக்கன் முள்ளையே நிறுத்திவைத்துத் திருத்தும் பொறி படைவீரரின் மணிக்கூடுகளில் வந்தமையால் சுழலும் நடுத்தட்டின் தேவை குறைந்தது. பின் வானொலி வழிகாட்டிகளும், 1995இல் முழுமை பெற்ற செய்மதி முறையும் வந்தன. அம்முறையும் மணிக்கூட்டையே நம்பியது. அங்கே செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 300 மீற்றர் தவறும். லோன்ஜீன்ஸ் தொழிலகத்தார் பழைய மணிக்கூட்டை 1987இல் மீண்டும் செய்து விற்றனர். வாங்கியோரில் எத்தனை பேர் விளிம்பைத் திருப்பிக் கணக்கிட்டனரோ அறியோம். வீம்ஸ் பயின்ற அமெரிக்கக் கப்பற்படைக் கல்லூரி சூரியனையும் நட்சத்திரத்தையும் கொண்டு வழியறியும் பாடத்தை 2006இல் நிறுத்திற்று. செய்மதிக் குறிகள் கெடுக்கப்படலாம் என்ற அச்சத்தால் 2015இல் மீண்டும் தொடங்கிற்று.

மாணவர் தாமே செய்து பார்க்க ஒரு கணக்கு: பெப்ரவரி நடுப்பகுதி, கிறீனிச் நேரம் முற்பகல் 9 மணி 10 நிமிடம் 20 செக்கன், சூரியன் 14 நிமிடம் பிந்தியுள்ளது. முற்பகலாதலின் முட்கள் காட்டும் கோணத்தோடு 180 பாகை கூட்டவேண்டும் என்பதை மறவற்க. நேரக்கோணம் 314 பாகை 5 கலை என்று வரும். அதனை 360இற் கழித்தால் கிழக்கு நெடுங்கோடு 45 பாகை 55 கலை. அப்பொழுது சூரியன் தெற்கே சுமார் 13 பாகையில் நிற்பதால், தேசப்படத்தை விரித்து விரலை வைத்தால் அது மடகஸ்காருக்கும் மாயோத் தீவுக்கும் இடைப்பட்ட கடலில் விழும்.