ஒரு குதிரை கூறிய கதை

சிறுவர்க்குரியதென்று யாம் ஒதுக்கியிருந்த நூலொன்றைப் பத்தொன்பதாம் வயதில் முதன்முறையாகப் படித்தோம். அன்னா சூவெல் அம்மையார் ஆங்கிலத்தில் இயற்றிய ‘பிளாக் பியூட்டி’ என்பதே அது. ஒரு மாலையில் முடித்துவிடலாமென எண்ணினோம்; இடையிற் பன்முறை நூலை மூடிவைக்க நேர்ந்தது.

உண்மையில் இந்நூல் சிறுவர்க்கென எழுதப்பட்டதன்று. 1820-ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்த அம்மையார், பதினான்காம் வயதிற் காலில் ஊறுபட்டு, அதன்பின் நன்கு நடக்க இயலாதவரானார். வெளியே செல்லக் குதிரைவண்டியே அவர்க்குத் துணை. குதிரைகளைப் பேணுவோர் இரக்கமும் அறிவும் உடையராதல் வேண்டுமென்னும் நோக்கத்தால், 1871 முதல் நோயுற்ற நிலையிலேயே சிறிது சிறிதாக இக்கதையை எழுதினார். அன்னையார் படியெடுத்து உதவினார். 1877-இல் நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அம்மையார் மறைந்தார்.

கதை கூறுவது குதிரையே. அஃறிணைப் பொருள்களைப் பேசுவனபோலக் கூறுதல் நன்னூலார் உடன்பட்ட மரபாம். ஆயினும் ஈண்டு நோக்கத்தக்கது மற்றொன்றுண்டு. குதிரையைப் பிறர் ‘அது’ என்பர். குதிரையோ தன்னை ‘நான்’ என்கின்றது. ‘நான்’ என்பது இருதிணைக்கும் பொதுப்பெயர் என்று தேர்வுக்காக நெட்டுருச் செய்தோம். அதன் பொருள் இக்கதையாலேயே எமக்கு விளங்கிற்று.

அக்காலத்துச் செல்வர், குதிரை எடுப்பாகத் தோன்றுதற்பொருட்டு, அதன் தலையை மேல்நோக்கி இழுத்து நிறுத்தும் ஒருவகை வாரைப் பூட்டினர். மேட்டில் வண்டியிழுக்குங் குதிரை தலையைத் தாழ்த்தினாலன்றி முழுவலியையுஞ் செலுத்தவியலாது; அவ்வாரோ அதற்கு இடந்தராது. ஜிஞ்சர் என்னும் பெண்குதிரை இவ்வாறு வருந்தி, முடிவில் லண்டன் வாடகைவண்டியில் உழைத்துத் தேய்ந்து மாளுகின்றது.

எனினும், எம்மை மிக வருத்தியவன் கொடியவன் அல்லன். ஜோ என்னும் நற்சிறுவன். மருத்துவரை அழைத்துவர இரவில் நெடுந்தூரம் ஓடி வியர்த்த குதிரைக்குப் போர்வை இடாது, குளிர்ந்த நீரை நிறையக் கொடுத்தான். நல்லது செய்வதாகவே எண்ணினான். குதிரை சாகுந்தறுவாயை எய்திற்று.

இவ்விடத்தில் எம் இளமை நினைவுக்கு வந்தது. பாரவண்டியின் பின்னே ஏறிச் சென்று, மாட்டின் வாலை முறுக்கி விரைவுபடுத்திக் களித்ததுண்டு. அதற்கு நோவுண்டு என்று எவரும் கூறிற்றிலர், யாமும் எண்ணிற்றிலேம். அறியாது செய்தோம் என்பதனால் அம்மாட்டின் நோவு குறைந்திராதன்றோ?

ஜோ பின்னர்த் தேர்ந்த குதிரைக்காரனாகி, பல கை மாறித் தளர்ந்துவந்த அதே குதிரையை நெற்றிச்சுட்டியால் அறிந்து அன்புடன் பேணுகின்றான். அறியாமை குற்றமேயாயினும், கற்றுத் திருந்துதற்கு இடமுள்ள குற்றம் என்பதை இம்முடிவு எமக்கு உணர்த்திற்று. நண்பர்காள், இளமையில் இந்நூலைப் படியாதார் இன்று படிக்க நாணவேண்டா. படித்தோரும் மீண்டும் ஒருமுறை படிப்பாராக.