பனிக்காலத்தில் கள்ளி நாற்றுகளைப் பேணும் முறை

மலைப்பகுதிகளில் பூச்செடி நாற்றங்கால் வைத்திருக்கும் விவசாயிகள் சிலர் அழகுக் கள்ளிகளையும் விதையிட்டு வளர்த்து விற்று வருகின்றனர். சித்திரையில் விதைத்த நாற்று மார்கழியில் பட்டாணி அளவே இருக்கும். விற்பனைக்குத் தயாராக இன்னும் ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எனவே முதல் பனிக்காலத்தில் ஒரு தட்டு நாற்று போனால், போவது ஒரு வருட உழைப்பு.

கள்ளிக்குக் குளிர்காலத்தில் தண்ணீர் விடக்கூடாது என்பது பலரும் அறிந்த விதி. வளர்ந்த செடிக்கு இது சரியே. அதன் தண்டில் பல வாரங்களுக்குத் தாங்கும் நீர் உண்டு. நாற்றின் சிறிய உடலில் அவ்வளவு சேமிப்பு இல்லை. மயிரிழை போன்ற அதன் வேர்கள் மண் முற்றிலும் காய்ந்தால் கருகிவிடும். மாணவனாக இருந்தபோது இவ்விதியை நம்பிக் கார்த்திகை முதல் மாசி வரை ஒரு தட்டுக்கு நீரே விடாமல் இருந்தேன். பங்குனியில் தட்டில் மிஞ்சியது கடுகளவு சருகுகளே.

ஆகவே முதல் ஆண்டு நாற்றுகளுக்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை, நல்ல வெயிலுள்ள நாளில், காலை பத்து மணியளவில் நீர் கொடுக்க வேண்டும். பூவாளியால் தலையில் ஊற்றாமல், அடியில் துளையுள்ள தட்டை ஆழமற்ற நீரில் வைத்து, மேல்மண் ஈரமானதும் எடுத்து வடியவிடுவது நல்லது. மூடுபனி நீடிக்கும் வாரத்தில் நீர் வேண்டாம். ஈரமும் குளிரும் சேரும்போதுதான் நாற்றழுகல் நோய் தாக்குகிறது.

இங்கு ஒரு தவறு சாதாரணமாக நேர்கிறது. நாற்று வாடியதும் நீர் ஊற்றி விடுகிறோம். முதலில் தொட்டுப் பாருங்கள். சுருங்கியிருந்தாலும் கெட்டியாக நிமிர்ந்து நின்றால் அது தாகம். நீர் கொடுத்தால் சில நாட்களில் தேறிவிடும். அடிப்பாகம் பழுப்பாகி, கொழகொழத்துச் சாய்ந்தால் அது அழுகல். அதற்கு நீர் விட்டால் தட்டு முழுவதும் பரவும். அத்தகைய நாற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றி, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்த கரைசலை அவ்விடத்தில் ஊற்றி, மண் காயும் வரை நீரை நிறுத்த வேண்டும். நாற்று சற்றுச் சிவந்தால் மட்டும் அஞ்ச வேண்டாம். குளிரிலும் வெயிலிலும் பல இனங்கள் அவ்வாறு நிறம் மாறும்.

உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் மேகமற்ற, காற்றில்லாத இரவுகளில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று பள்ளத்திலும் தரையிலும் தேங்குவதால், தட்டுகளை மூன்றடி உயர மேடையில் கூரையின் கீழ் வைக்கவும். கொட்டகையில் வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாதிருப்பது பாதுகாப்பானது. வெறும் பாலிதீன் தாள் உறைபனியைத் தடுக்கப் போதாது. அதன் மேல் மாலையில் சாக்கு அல்லது வைக்கோல் பாய் விரித்து, காலையில் எடுத்துவிட வேண்டும். தாள் நாற்றின் மேல் படக்கூடாது. வெயில் ஏறியதும் ஓரங்களைத் தூக்கிக் காற்றோட்டம் தராவிட்டால் உள்ளே நாற்று வெந்துவிடும்.

சமவெளியில் குளிர் பெரிதல்ல. ஐப்பசி, கார்த்திகை அடைமழையே எதிரி. மழை படாத கூரையும் வெளிச்சமும் இருந்தால் போதும்.

இக்காலத்தில் தழைச்சத்து உரம் இடுவதும், நாற்றைப் பிடுங்கி மாற்றி நடுவதும் கூடாது. மாசிக் கடைசியில் இரவுக் குளிர் தணிந்து, நாற்றின் உச்சியில் புதிய முட்கள் தோன்றிய பின் தனித் தொட்டிக்கு மாற்றலாம்.