ஆட்டோ எஞ்சின் பிரிக்கப் போகிறீர்களா? வீட்டாருக்குச் சில குறிப்புகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் கதவு திறந்தும், புது ஆட்டோவின் விலையைக் கேட்டவர்கள் பேசாமல் வீடு திரும்பினார்கள். தம்பிலுவில், திருக்கோவில் பக்கம் பழைய ஆட்டோவுக்கே எஞ்சின் வேலை பார்த்து ஹயர் ஓடுகிற குடும்பங்கள் பல. பிரித்ததுதான் பிரித்தோம், உள்ளே எல்லாவற்றையும் 'நல்ல சாமானாக' மாற்றிவிடுவோம் என்று ஆசை வருவது இயல்பு. எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்று பார்ப்போம்.

1. கழற்றுவதற்கு முன் புகையைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை வந்து சற்று நேரத்தில் நின்றால், பெரும்பாலும் வால்வ் சீல்தான் போயிருக்கும். அது சின்னச் செலவு. ஆள் ஏற்றி இழுக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங், பிஸ்டன் பக்கம் சந்தேகப்படலாம். கம்ப்ரஷன் அளந்துவிட்டு, பிளக் துளை வழியே ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பாருங்கள்.

2. கச்சான் காற்று வீசும் நாட்களில் திறந்த முற்றத்தில் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். நம் ஊர்க் கடற்கரை மணல் ஒரு சிட்டிகை கிராங்கின் பெயாரிங்குக்குள் போனால் போதும், புதுச் சாமான் எல்லாம் வீண். மூலையில் ஒரு மேசை, அதன்மேல் பழைய வெள்ளை வேட்டி, அதுவே போதுமான ஏற்பாடு. ஆணி, நட்டுகளை ஐஸ்கிரீம் டப்பாக்களில் பிரித்துப் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் எடுங்கள்.

3. பிஸ்டனை முதலில் வாங்குங்கள், பிறகுதான் சிலிண்டரை லேத்துக்கு அனுப்புங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் பலருடைய காசு கரைகிறது. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என்று கால் கால் மில்லிமீற்றராகக் கூடிக்கொண்டு வரும். பெட்டியில் 0.50 என்று அச்சடித்திருந்தாலும், கையில் இருக்கிற பிஸ்டனை மைக்ரோமீற்றரில் அளந்து, அந்த அளவுக்கே போர் அடிக்க வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. "கண்ணாலேயே தெரியும்" என்கிற லேத்காரரிடம் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ அளந்து வேலை செய்கிறவர்களாகத் தேடுங்கள். பஸ் காசு வீணாகாது.

4. ஓவர்சைஸ் போட்டால் இழுவை கூடும் என்று எண்ண வேண்டாம். நாலு ஸ்ட்ரோக் பஜாஜ் ஆர்.ஈ. எஞ்சின் 198.88 சிசி, போர் 63.5 மி.மீ. அதில் 0.50 ஏற்றினால் கூடுவது மூன்று சிசி சொச்சம்தான். ஓவர்சைஸ் என்பது தேய்ந்த சுவரைச் சரிசெய்வதற்கு, வேகத்துக்கு அல்ல. தேவைக்கு மேல் ஒரேயடியாகப் பெரிய அளவு ஏற்றினால், அடுத்த தடவை போர் அடிக்கச் சுவரில் இடம் இருக்காது.

5. போர் அடித்து வந்த சிலிண்டரைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ அலசிவிட்டு மாட்டக்கூடாது. ஹோன் செய்த நுண்கீறல்களில் கல்தூள் ஒட்டியிருக்கும், அது பெற்றோலுக்குப் போகாது. இது சமையலறை வேலை: சுடுநீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பிரஷ். நன்றாகத் தேய்த்துக் கழுவி உலர்த்தி, வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஒயில் தொட்டு உள்ளே துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். முடிந்த கையோடு ஒயில் பூசிப் பொலித்தீன் பையில் கட்டிவிடுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் வெறும் இரும்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும்.

6. புது ரிங்கை நேரே பிஸ்டனில் மாட்டாதீர்கள். முதலில் வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். போர் விட்டம் 25 மி.மீ.க்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. என்பது பட்டறைக் கணக்கு, 63.5க்கு 0.25 அளவில் வரும். இடைவெளி கொஞ்சம் கூடினால் பெரிய நட்டமில்லை. குறைந்தால்தான் ஆபத்து: சூட்டில் ரிங் நீண்டு, வாயோடு வாய் முட்டி, உடைந்து சுவரைக் கிழித்துவிடும். எழுத்துள்ள பக்கம் மேலே வரட்டும். வாய்கள் ஒரே நேரில் நிற்க வேண்டாம்.

7. கடினமான ரிங் என்றால் உயர்ந்த ரிங் என்று பொருளல்ல. குரோம் பூசிய சுவருக்குக் குரோம் ரிங் ஆகவே ஆகாது. பிஸ்டனே இல்லாமல் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சினோடு மஸ்தா மல்லுக்கட்டியபோது பட்ட பாடும் இதுதான். ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள், நம் ரிங் செய்கிற வேலையைச் செய்பவை, சுவரில் அலையலையாகக் கீறின. பொறியியலாளர்கள் அதற்குப் 'பிசாசின் நகக் கீறல்' என்று பெயரிட்டார்கள். கரியும் அலுமினியமும் சேர்ந்த சீலைக் கண்டுபிடித்த பிறகுதான் 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் வந்த என்.எஸ்.யூ. ஆர்.ஓ. 80, சீல் தேய்ந்து தேய்ந்து கம்பனியையே தள்ளாட வைத்தது. 1991இல் லு மான் பந்தயத்தை வென்ற மஸ்தா 787பி செராமிக் சீல் போட்டிருந்தது உண்மை. அது பந்தயக் கார், பணமும் பந்தயப் பணம். நமக்கு, சுவரோடு ஒத்துப்போகிற ரிங் எதுவோ அதுவே நல்ல ரிங்.

8. கனெக்டிங் ரொட்டை மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். துளி ஆட்டம்கூட இருக்கக்கூடாது. பக்கவாட்டில் சற்று அசைவது வழக்கம்தான். அதைக் காட்டி கிராங்கை மாற்றச் சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள்.

9. பிஸ்டன் பின் லொக், கேஸ்கட், ஒயில் சீல் ஆகிய மூன்றிலும் பழையதைத் திரும்பப் போடவே கூடாது. விலை சொற்பம். லொக் கழன்றால் சிலிண்டர் போச்சு.

10. டைமிங் செயினை மாற்றினால் டென்ஷனரையும் பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் தேய்க்கும்.

11. வால்வ் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சுலப வழி: ஹெட்டில் வால்வை மாட்டி, போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். மறுபக்கம் கசிந்தால் இன்னும் அரைக்க வேண்டும்.

12. கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால் அது ஒயில் பம்புக்கும் எயார் ஃபில்டருக்கும் போகட்டும். கடை மேசையில் பளபளக்கிற பெரிய பிஸ்டன் செட்டைவிட இவை இரண்டும்தான் எஞ்சினின் ஆயுளைக் கூட்டும். ஒயில் வலையைக் கழுவி, பம்ப் ஒயில் தள்ளுகிறதா என்று மூடுமுன் பாருங்கள். அறுவடைக் காலத்தில் வயலோரம் ஓடுகிற வண்டிக்கு ஃபில்டரை அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும், கூளம் கூடு கட்டியிருக்கும். பின்னால் மூடிக்கிடக்கும் எஞ்சினுக்கு ஃபேன் காற்றுத்தான் உயிர். ஃபேன் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு 'காற்றுப் படட்டும்' என்று ஓட்டுகிறவர்கள் எஞ்சினை வேக வைக்கிறார்கள்.

13. கிளச் ஒயிலில் நனைந்து ஓடுகிற எஞ்சினுக்குக் கார் ஒயிலை ஊற்றாதீர்கள், பிளேட் வழுக்கும். போத்தலில் 'ஜாசோ எம்.ஏ.' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

14. இரண்டு ஸ்ட்ரோக் ஆட்டோவின் இறக்குமதியை அரசு 2008இலேயே நிறுத்திவிட்டது. ஊரில் மிஞ்சி நிற்கும் ஒன்றிரண்டுக்குச் சாமான் வாங்கும்போது பெட்டியை நம்பாமல் பழைய சாமானோடு ஒப்பிட்டு வாங்குங்கள். அதன் போர் 57 மி.மீ.

15. முதல் 500 கிலோமீற்றர் மெதுவாகப் பழக்க வேண்டும். ஒரே வேகத்தில் நீட்டி ஓட்டாமல் கூட்டிக் குறைத்து ஓட்டுவது ரிங் படிவதற்கு நல்லது. பொத்துவில் வரை ஆள் நிரப்பிய ஹயர் இப்போது வேண்டாம். 500இல் ஒயிலை மாற்றுங்கள். பழைய ஒயிலில் மினுமினுப்புத் தெரியும், கொஞ்சம் இருந்தால் பயமில்லை. திருக்கோவில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத்தான் ஹயர் குவியும். அதற்கு ஒரு மாதம் முன்பே எஞ்சின் வேலையை முடித்துவிட்டால் பழக்கவும் நாள் கிடைக்கும், காசும் திரும்பும்.

16. கழற்றிய பழைய சாமான்களைப் பையில் கட்டித் தரச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள். கிராங்க் கேசையே மாற்றுவதானால் எஞ்சின் நம்பரும் மாறும். பதிவுப் புத்தகத்தில் திருத்தாவிட்டால் வண்டியை விற்கிற நாளில் அலைய நேரும்.