முதுகைக் கொடுக்கும் முன் மூன்று கேள்வி

செஞ்சிப் பக்கம் முதுகு வலிக்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை தூக்குகிறவர், மல்லாட்டைக் கொல்லையில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற அம்மா, திண்டிவனம் ரோட்டில் தினமும் பைக்கில் போய்வருகிற மகன், லீவுக்கு வந்த இடத்தில் ராஜகிரிக் கோட்டையை ஒரே மூச்சில் ஏறி இறங்கிய பேரன்... வலி வந்ததும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "சுளுக்கு எடுக்கிறவர்கிட்ட காட்டுடா. ஒரே நெட்டு, சரியாயிடும்!"

இப்போது இன்னொரு வழியும் சேர்ந்திருக்கிறது. செல்போன் வீடியோவில் ஒருவர் கழுத்தைப் பிடித்து 'மடக்'கென்று திருப்புகிறார். படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுகிறார். கீழே 'கைரோபிராக்டிக்' என்று பெயர். பார்த்தவுடன் நமக்கும் ஆசை வருகிறது.

சுளுக்கு வழிப்பது நல்லதா, கைரோபிராக்டிக் நல்லதா என்ற பட்டிமன்றம் இன்றைக்கு வேண்டாம். யார் கையில் முதுகைக் கொடுத்தாலும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

1. எந்தக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறீர்கள்? உங்கள் பதிவு எண் என்ன?
2. என் கேஸை எழுதி வைப்பீர்களா?
3. கேட்டால் நகல் தருவீர்களா?

முதல் கேள்வி: பதிவு எண்

கைரோபிராக்டிக் பிறந்தது அமெரிக்காவில். 1895-ல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் ஊரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கி வைத்தார். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக 1906-ல் அவரே சிறைக்குப் போக வேண்டி வந்தது. 1913-ல் கான்சாஸ் மாநிலம் இந்தத் தொழிலுக்கு முதல் சட்டம் போட்டது. கடைசி மாநிலமான லூசியானா சட்டம் போட 1974 ஆகிவிட்டது. இங்கிலாந்தில் 1994-ல் தனிச் சட்டமே வந்தது. 2001 முதல் அங்கே பதிவு இல்லாதவர் தன்னைக் 'கைரோபிராக்டர்' என்று சொல்லிக்கொண்டாலே குற்றம்.

படிப்பும் சும்மா இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டியில், முழுப் பயிற்சிக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் வேண்டும் என்கிறது. அதில் 1,000 மணி நேரமாவது பெரியவர்கள் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். இரண்டு நாள் வகுப்புக்குப் போய் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நம் நாட்டு நிலைமை என்ன? இந்தியாவில் கைரோபிராக்டர்களுக்கென்று தனிச் சட்டமோ தனிக் கவுன்சிலோ கிடையாது. மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021-ல் வந்த மத்திய சட்டம், பத்துப் பிரிவுகளைப் பட்டியல் போட்டு, அவர்களுக்கு மத்திய, மாநிலப் பதிவேடுகளுக்கு வழி செய்தது. பிசியோதெரபி அதில் இருக்கிறது. கைரோபிராக்டிக் தனிப் பிரிவாக இல்லை. வேடிக்கை என்னவென்றால், மருத்துவப் பதிவேடுகளைப் பராமரிக்கிறவர்களுக்கு அதில் ஒரு பிரிவு உண்டு. கோப்பு பார்ப்பதும் ஒரு மருத்துவத் தொழில்தான் என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது!

ஆகவே, போர்டில் 'கைரோபிராக்டர்' என்று இருந்தால், "சார், உங்க அடிப்படைப் படிப்பு என்ன?" என்று கேளுங்கள். எம்.பி.பி.எஸ். என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு இருக்க வேண்டும். சித்த மருத்துவர் என்றால் இந்திய மருத்துவ முறைகளுக்கான பதிவு இருக்க வேண்டும். வர்மம், தொக்கணம், எலும்பு முறிவுக்குக் கட்டு இவையெல்லாம் சித்த மருத்துவத்தில் முறையான பாடங்கள். பிசியோதெரபிஸ்ட் என்றால் அந்தப் பட்டம் இருக்க வேண்டும்.

"எங்க தாத்தா காலத்திலேர்ந்து கட்டு கட்டுறோம், எங்களுக்கு எதுக்கு நம்பர்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. புத்தூர் கட்டுக்கு நம் ஊர்களில் எவ்வளவு பேர், புகழ் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த அனுபவத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சட்டம் வேறு பாதையில் போகிறது. கேரளத்துப் பாரம்பரிய வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், பரம்பரையாக வருகிறது என்பதற்காக மட்டும் தகுதியும் பதிவும் இல்லாமல் மருத்துவத் தொழில் செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொன்னது. பதிவு எண்ணால் நமக்கு என்ன லாபம்? ஏதாவது தப்பு நடந்தால் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. எண் இல்லாதவரிடம் அந்த இடமே இல்லை.

இரண்டாவது கேள்வி: எழுத்து

"சாதாரண இடுப்புப் பிடிப்பு, இதுக்குப் போய் ரெக்கார்டா?" என்று தோன்றும். சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். சாதாரணமாக இல்லாதவைதான் பிரச்னை. முதுகெலும்பில் காசநோய் வரும், புற்றுநோய் பரவியிருக்கலாம், வயதான பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கலாம். இவர்கள் முதுகில் வேகமாக அழுத்தினால் எலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தக் கசிவு வரலாம். கழுத்தை வெடுக்கென்று திருப்பும்போது, அபூர்வமாக, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளாமல் முதுகில் கை வைப்பது, இருட்டில் கிணற்று ஓரம் நடப்பது போல.

எப்படி எழுத வேண்டும்? அமெரிக்க டாக்டர் லாரன்ஸ் வீட் என்பவர் 1960-களில் பரப்பிய முறை இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 'சோப்' குறிப்பு என்று பெயர். குளிக்கிற சோப் இல்லை. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம்:

சொன்னது: நோயாளி வாயால் சொன்னவை.
பார்த்தது: சோதித்ததில் தெரிந்தவை.
கணித்தது: என்ன கோளாறு என்ற முடிவு.
செய்வது: கொடுத்த சிகிச்சை, அடுத்து வர வேண்டிய நாள்.

உதாரணத்துக்கு ஒரு சீட்டு:

"வயது 52. மூட்டை தூக்கியதில் 3 நாளாக இடுப்பு வலி. காய்ச்சல் இல்லை, கால் மரப்பு இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை உண்டு. எடை 58 கிலோ. குனிந்தால் வலி, கால் விரல்களில் பலம் சரி. தசைப் பிடிப்பு. ஒத்தடம், பயிற்சி. 1 வாரம் கழித்து வரவும். கால் மரத்தால் உடனே வரவும்."

ஆறே வரி. இதே அம்மா ஆறு வாரம் கழித்து, வலி குறையவில்லை என்று வேறொருவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே எடை 53 கிலோ. சாயங்காலமானால் காய்ச்சலடிக்கிறது. பழைய சீட்டு கையில் இருந்தால், "ஐந்து கிலோ எப்படிக் குறைந்தது? இது வெறும் பிடிப்பு இல்லையே!" என்று பார்க்கிறவர் உஷாராகிவிடுவார், எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. என்று அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார். சீட்டு இல்லாவிட்டால்? "கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கீங்கம்மா" என்பதோடு போயிற்று. இன்னும் நாலு நெட்டு எடுப்பார்கள். முதுகெலும்புக் காசநோய் ஆரம்பத்திலேயே தெரிந்தால் மருந்தில் குணமாகக்கூடியது. விட்டால் கால் விழுந்துவிடும்.

குறிப்பை அன்றைக்கே எழுதுவது முக்கியம். புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். 1750-ல் செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்த காலமும் அதில் அடக்கம். நடந்தது நடந்த சூட்டோடு எழுதப்பட்டதால்தான் சரித்திரக்காரர்கள் இன்றைக்கும் அதைப் புரட்டுகிறார்கள். நோயாளிச் சீட்டுக்கும் இதே விதிதான். தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் பூசக் கூடாது. பழைய எழுத்து தெரியும்படி ஒரே கோடு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இன்னொரு வரியும் அதில் இருக்க வேண்டும்: சம்மதம். என்ன செய்யப்போகிறார், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று விளக்கிய பிறகு வாங்குவதே உண்மையான சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் தெளிவாக்கியது. கட்டிலில் குப்புறப் படுத்தபிறகு "ஓகேவா?" என்பது சம்மதம் ஆகாது.

மூன்றாவது கேள்வி: நகல்

அலோபதி டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள் ரொம்பத் தெளிவு. பதிவு எண்ணைக் கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், பில்லிலும் காட்ட வேண்டும். உள்நோயாளிகளின் பதிவேடுகளை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு பெற 1997-ம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. சுவரில் அந்தச் சான்றிதழ் தொங்குகிறதா என்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

காசு கொடுத்துப் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விழுப்புரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்னை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே முதலில் கேட்பது, "சீட்டு இருக்கா? பில் இருக்கா?" என்பதுதான். "அவர் அப்படிச் சொன்னாருங்க" என்பது மட்டும் நிற்காது.

எழுத்து நல்ல வைத்தியருக்கும் கவசம்தான். வீண் பழி வந்தால், "இதோ, அன்றைக்கு இதைக் கேட்டேன், இதைச் சொன்னேன்" என்று காட்ட அவருக்கும் இது ஒன்றுதானே இருக்கிறது?

வீட்டில் செய்ய வேண்டியது

• வீட்டில் ஆளுக்கொரு ஃபைல். ஓ.பி. சீட்டு, பில், எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் தேதி வரிசையில். செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.
• முதல் பக்கத்தில்: சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, பழைய ஆபரேஷன், ரத்த வகை.
• எழுதித் தராதவரிடம் போயிருந்தால், வீட்டுக்கு வந்ததும் நீங்களே எழுதுங்கள்: யார், எந்த நாள், எந்த இடத்தில் அழுத்தினார், பிறகு எப்படி இருந்தது.
• சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, தொடை இடுக்கில் மரப்பு, கால் பலம் குறைவது, விழுந்த பிறகு கடும் வலி, காய்ச்சலோடு முதுகு வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் யாரிடமும் நெட்டு எடுக்கக் கூடாது. நேரே செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். கழுத்தைத் திருப்பிய பிறகு தலைச்சுற்றல், பேச்சுக் குழறல் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"இப்படியெல்லாம் கேட்டா அவர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று அம்மாக்கள் தயங்குவார்கள். தொழில் தெரிந்தவர் கோபிக்க மாட்டார். எண்ணைக் காட்டுவார், பேனாவை எடுப்பார். கோபித்துக்கொண்டால், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்ப அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.