கிகாஹெர்ட்ஸ் கூடினால் மட்டும் போதுமா?

நம்பிக்கை: ப்ராசஸரை எவ்வளவு ஓவர்கிளாக் செய்கிறோமோ, கணினியும் அவ்வளவு வேகமாகும், ராமின் டைமிங் எல்லாம் சில்லறை விஷயம்.

உண்மை: இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சிப்பின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது. அன்றைய போர்டுகளில் பஸ் ஏறினால் ராமும் கூடவே ஏறும். இன்று பெரும்பாலும் மல்டிப்ளையரை மட்டும் கூட்டி 4.7-ஐ 5 கிகாஹெர்ட்ஸ் ஆக்குகிறோம். ராம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 0.2 நானோ நொடி. தேவையான தரவு கேச்சில் இல்லாமல் ராம் வரை போய்வர 70 நானோ நொடி பிடித்தால், ப்ராசஸர் 350 சுற்றுகள் காத்திருக்கிறது. 4.7-இல் அது 329 சுற்று. ஆக, கூட்டிய வேகம் அந்த நேரத்தில் வீணாகச் சுற்றத்தான் பயன்படுகிறது. ஒரு நிரல் தன் நேரத்தில் 40 சதவீதத்தை இப்படிக் காத்திருப்பில் கழித்தால், ஆறு சதவீத ஓவர்கிளாக்கில் கைக்கு வருவது நான்குக்கும் குறைவு. அதற்காக ஏற்றும் மின்னழுத்தமோ இருமடி விகிதத்தில் மின்சாரத்தைத் தின்று சூடாக்கும்.

இதற்குக் கண்முன் இருக்கும் சான்று, 2022-இல் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதன் உச்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், அதே எட்டு கோர் கொண்ட பழைய 5800எக்ஸ் 4.7. ஆனால் எல்3 கேச் 32-க்குப் பதில் 96 எம்பி. பல கேம்களில் வேகம் குறைந்த சிப்தான் முந்தியது, ராமுக்குப் போகவேண்டிய தேவை குறைந்ததால். சினிபெஞ்ச் என்ற ரெண்டரிங் சோதனையில் மட்டும் பழையதே முன்னால் நின்றது. தேடும் தரவு பெரும்பாலும் கேச்சிலேயே கிடைத்துவிடுமே, ராம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இங்கேயே பதில் இருக்கிறது: ரெண்டரிங்குக்கு அந்த வாதம் சரி, அங்கே கிகாஹெர்ட்ஸ்தான் ராஜா. கேம்களும் 7-ஜிப் சுருக்கமும் அப்படியல்ல. நூறில் இரண்டு முறைதான் கேச் தவறினாலும், ஒவ்வொரு தவறுக்கும் நூற்றுக்கணக்கான சுற்றுகள் போகின்றன.

அதற்காக சிஎல் எண் சிறியதாக இருந்தாலே நல்ல ராம் என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. சிஎல் என்பது கேட்ட தரவைத் தர ராம் எடுக்கும் சுற்றுகளின் எண்ணிக்கை, நேரம் அல்ல. அதை 2000-ஆல் பெருக்கி ராமின் வேகத்தால் வகுத்தால் நானோ நொடி கிடைக்கும். டிடிஆர்4-3200 சிஎல்16, டிடிஆர்4-3600 சிஎல்18, டிடிஆர்5-6000 சிஎல்30 மூன்றுக்கும் விடை ஒன்றே: 10. டிடிஆர்5-4800 சிஎல்40-க்கு ஏறத்தாழ 16.7. ராமின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. ரைசன் 5000 வரிசையில் 3600 வரை மெமரி கண்ட்ரோலரும் உள்ளிணைப்பும் ராமோடு ஒரே தாளத்தில் 1800 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 4000-க்குத் தாவினால் பல போர்டுகள் கண்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகம் தாமதமாகத் திரும்பி வரும்.

ஆகவே கேம் ஆடுபவர் முதலில் ராமைச் சீராக்க வேண்டும், ப்ராசஸர் பிறகு. ராமில் கைவைப்பது ஆபத்து என்ற எச்சரிக்கை நியாயமானது. அளவுமீறி இறுக்கிய டைமிங் கணினியை நிறுத்தாமலேயே கோப்புகளைச் சத்தமின்றிக் கெடுக்கக்கூடும். மாற்றியபின் ஓர் இரவு மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை நிரல் ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடுங்கள். அதற்கும் முன்னால், இன்றே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தில் வேகத்தைப் பாருங்கள். 6000 என்று வாங்கிய ராம் அங்கே 4800 என்று காட்டினால், ராமை அறிவித்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பு பயாஸில் இன்னும் அணைந்தே கிடக்கிறது. முதலில் அதை இயக்குங்கள்.